பத்தொன்பது பெயர்களும் இரண்டு கிரீடங்களும்

காலை பத்து மணிக்கு வந்த தொலைபேசிச் செய்தியை ஹெல்வே ஒரு துண்டுத்தாளில் எழுதினாள். ஒரு முறை படித்துப் பார்த்தாள். பிறகு மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள்.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: "கிளாஃபிரா பேசினாள். கல்லில் பெயர் வெட்டும் வேலை ஞாயிறு வரை இழுக்காதாம். இன்று மாலை நாலு மணிக்கே முடிந்துவிடுமாம். சாரிடம் உடனே சொல்லவும்."

பூட்டும் முன் சொல்லத்தான் நினைத்திருந்தாள். ஆனால் துப்பறிவாளர் கப்பித்தோன் வெஸ்னின் அன்று அலுவலகத்துக்கு நீல டை கட்டிக்கொண்டு வந்தார். ஆறு வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிற ஹெல்வே, அவர் கழுத்தில் மஃப்ளரைத் தவிர வேறு எதையும் கண்டதில்லை. போதாக்குறைக்கு அத்தர் வாசனை வேறு. ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல், "கிளாஃபிரா பேசினாங்களா?" என்றுதான் உள்ளே நுழைந்தார்.

ஹெல்வேக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"யாரும் பேசல," என்றாள். "டை புதுசா சார்? கழுத்துல யாரோ மீனைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு."

"நல்லா இல்லையா?"

"மீனுக்கு நல்லாத்தான் இருக்கு."

கிளாஃபிரா வந்து பத்து நாள்தான் ஆகிறது. முப்பத்தைந்து வயது. கன்னத்தில் குழி. ஹெல்வேயைவிட மூன்றே வயது இளையவள், ஆனால் வாய் நிறைய 'அக்கா, அக்கா' என்பாள். அந்த ஒரு வார்த்தைக்கே அவளை மன்னிக்க முடியாது என்று ஹெல்வே முடிவு கட்டியிருந்தாள்.

அவள் கொண்டுவந்த வழக்கு பழைய வழக்கு. தாலின் துறைமுகப் பேட்டையில் ஒரு காலத்தில் மரத்தாலான ஓர் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருந்தது. கப்பல் தச்சர்கள் சேர்ந்து கட்டியது. சோவியத் காலத்துச் சட்டப்படி ஒரு தேவாலயம் திறந்திருக்க வேண்டுமென்றால் இருபது பேர் கையெழுத்துப் போட்டு அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். பத்தொன்பது ஆனால் பூட்டு. 1961 ஜூனில் யாரோ ஒருவர் அரசு அலுவலகத்துக்குப் போய்த் தன் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுநாள் சீல் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் டிராக்டர் கொண்டுவந்து, இரும்புக் கயிற்றை மாட்டி, கோபுரத்தோடு இழுத்துப் போட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு கிடங்கு நிற்கிறது.

அந்த ஒருவர் யார் என்பதற்குக் காகிதம் கிடையாது. ஆனால் பேட்டைக்குக் காகிதம் தேவைப்படவில்லை. கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்த நிக்கானோருக்கு அதே மாதம் புது வீடு கிடைத்தது. அதே மாதம் லித்தியாவை அவன் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டான். வீட்டுக்காகச் சாமியை விற்றவன் என்று பெயர் வந்தது. போன குளிர்காலத்தில் அவன் செத்தபோது சவப்பெட்டியைத் தூக்கப் பேட்டையிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. நிக்கானோரின் மகள்தான் கிளாஃபிரா.

இந்த ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்குப் பக்கத்துக் காலி இடத்தில் புதுத் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டுகிறார்கள். கல்லில் அன்று கையெழுத்துப் போட்ட விசுவாசிகளின் பெயர்களை வெட்டுகிறார்கள். இருபது அல்ல, பத்தொன்பது. நிக்கானோர் இல்லாமல்.

"அப்பாவுக்கு யாருன்னு தெரியும்," என்று கிளாஃபிரா முதல் நாளே சொல்லியிருந்தாள். "ஆனா சாகற வரைக்கும் சொல்லல. அவர் பேரு அந்தக் கல்லுல இருக்கணும் சார். கருங்கல்லுல வெட்டினதுக்கு அப்புறம் யாரு மாத்துவாங்க?"

*

பதினொரு மணிக்கு டிராம் பிடித்துப் பேட்டைக்குப் போனார்கள். கடல் காற்று கோட்டைப் பிடித்து இழுத்தது. கப்பித்தோனின் டை தோளுக்கு மேலே பறந்தது. ஹெல்வே அதைப் பார்க்காமல் வந்தாள்.

கப்பித்தோன் கையில் ஒரே ஒரு துப்புதான் இருந்தது. ஆவணக் காப்பகத்தில் மூன்று நாள் தும்மிக்கொண்டே தேடி எடுத்த பட்டியலின் நகல். சீல் வைத்த அன்று அதிகாரிகள் உள்ளேயிருந்த ஒவ்வொரு பொருளையும் எழுதி, லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

"கேளு," என்று நடந்துகொண்டே படித்தார். "வெள்ளிக் கிண்ணம் ஒண்ணு. திருவுருவப் படம் நாப்பத்தொண்ணு. மெழுகுவத்தி அணைக்கிற குச்சி மூணு. விரிப்பு ஒண்ணு, ஓட்டையோட. எலிப்பொறி ஒண்ணு, எலி இல்லாம."

"எலி முன்னாடியே கையெழுத்தை வாபஸ் வாங்கியிருக்கும்."

"சிரிக்காத. உள்ள ஒரு குண்டூசியைக்கூட விடல. அப்ப ஜனங்க ஞாபகத்துக்குன்னு வெச்சிருக்கிறதெல்லாம் எங்கிருந்து வந்தது?"

அந்தக் கேள்விக்குப் பேட்டையே பதில் சொன்னது. தேவாலயம் விழுந்த அன்று ஆளுக்கொன்றைப் பொறுக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். முதல் வீட்டில் விரிசல் விட்ட கூரைப் பலகை. அடுத்த வீட்டில் ஜன்னல் கொக்கி. கிழவர் தெரேந்தி வீட்டில், திருவுருவப் படங்களுக்கு நடுவில், வளைந்து போன கதவுக் கீல் ஒன்று பட்டுத் துணியில் படுத்திருந்தது. அவர் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் காட்டினார்.

"நாங்க பொறுக்கினது எல்லாம் வெளிப்பக்கத்துச் சாமான்தான் தம்பி," என்றார். "உள்ள இருந்ததைக் காப்பாத்தினது ஒரே ஒரு ஆளு. எவ்ஸ்தோலியா. கோபுரம் சாஞ்சு தூசி அடங்கறதுக்குள்ள தவழ்ந்துபோய்க் கல்யாணக் கிரீடம் ரெண்டையும் எடுத்துட்டு வந்தா. அப்ப அவளுக்கு இருபத்துநாலு வயசு. அவ பேரை முதல்ல வெட்டுங்கன்னோம். இல்ல, கடைசில போடுங்கன்னுட்டா. அப்பேர்ப்பட்ட மனுஷி."

அப்பேர்ப்பட்ட மனுஷி மூன்றாம் தெருவில் மாடி வீட்டில் தனியாக இருந்தாள். கட்டுமானக் குழுவுக்கு அவள்தான் தலைவி. அறுபத்தொரு வயது, நிமிர்ந்த முதுகு, கறுப்புத் தலைத்துண்டு. கறுப்பு ரொட்டியில் மத்தி மீன் வைத்துக் கொடுத்தாள். பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து இரண்டு கல்யாணக் கிரீடங்களை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆர்த்தடாக்ஸ் கல்யாணத்தில் மாப்பிள்ளை, பெண் தலைகளுக்கு மேலே தோழனும் தோழியும் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அவை. வெள்ளி முலாம் பூசி, உள்ளே சிவப்பு வெல்வெட் வைத்துத் தைத்தவை.

"தொடலாமா?" என்று கேட்டார் கப்பித்தோன்.

"பாக்கலாம்," என்றாள் எவ்ஸ்தோலியா.

"இதை வெச்சு அப்புறம் யாருக்காவது கல்யாணம் நடந்ததா?"

"இல்ல."

"முப்பத்தேழு வருஷத்துல யாரும் இரவல் கேக்கலையா?"

"கேட்டாங்க. குடுக்கல." கிரீடங்களை உள்ளே வைத்து, அலமாரிச் சாவியைத் திருப்பி இடுப்பில் செருகிக்கொண்டாள். "எனக்கு வேலை இருக்கு தம்பி. ரொட்டியைச் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."

எந்த வேலை என்று ஹெல்வேக்குத் தெரியும். கல்பட்டறைக்குப் போகிறாள். மணி இரண்டு. இழுப்பறையில் பூட்டிய தாள் நினைவுக்கு வந்து, பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்தாள்.

*

துறைமுகத் தொழிலாளர் கேன்டீனில் கப்பித்தோன் இரண்டு தேநீர் வாங்கிக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் டையைத் தளர்த்தினார். முகம் நன்றாக இல்லை.

"குட்டு உடைஞ்சிருச்சு ஹெல்வே. ஆனா நான் உடைக்க நினைச்ச குட்டு இது இல்ல."

"சொல்லுங்க."

"கூரைப் பலகை விரிஞ்சிருக்கு. கொக்கி உடைஞ்சிருக்கு. இரும்புக் கீலே வளைஞ்சிருக்கு. அந்தக் கிரீடத்துல ஒரு கீறல் பாத்தியா?"

"வெல்வெட்டுல ஒரு தூசிகூட இல்ல."

"பட்டியல்லயும் கிரீடம் இல்ல. எலிப்பொறியையே விடாதவன் வெள்ளி முலாம் பூசின கிரீடத்தை விட்டுட்டுப் போவானா? அப்ப சீல் வைக்கறதுக்கு முன்னாடியே அது வெளிய போயிருச்சு. எடுத்த ஆளுக்குச் சீல் வைக்கப் போறாங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. அந்தக் கிழவி இடிபாட்டுல கண்டெடுத்தேன்னு சொல்றது யாரையோ காப்பாத்தற பொய்."

"யாரை?"

"வெள்ளிக் கிண்ணத்தை விட்டுட்டுக் கிரீடத்தை மட்டும் யாரு எடுப்பான்? கல்யாணம் வெச்சிருக்கிறவன். ஜூலைல நோன்பு முடிஞ்ச முதல் ஞாயிறு நிக்கானோருக்குச் சர்ச்சுல கல்யாணம்னு நாள் குறிச்சிருந்தாங்களாம், கிளாஃபிரா சொன்னா. வீட்டுக்காகக் கையெழுத்தை வாபஸ் வாங்கியிருக்கான். வீட்டுக்குள்ளயே ரகசியமாக் கிரீடம் வெச்சுக்கலாம்னு இதை எடுத்திருக்கான்." பெருமூச்சு விட்டார். "லாபம் யாருக்குன்னு பாரு, ஆளு கிடைப்பான்னு நான் எப்பவும் சொல்வேன். கிடைச்சிட்டான். கிளாஃபிராகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

ஹெல்வேக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. கன்னத்துக் குழி அழுது வீங்கும். டை மறுபடி பெட்டிக்குள் போகும். தேநீரை ஒரு மிடறு குடித்தாள், அது வெல்லமாக இறங்கியது. அடுத்த மிடறில் ஏனோ கசந்தது. தகப்பன் பெயர் போய்விட்டதென்று ஒருத்தி அழப் போகிறாள், அதற்காக நான் உட்கார்ந்து சந்தோஷப்படுகிறேன் என்று நினைத்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

அப்போதுதான் கணக்கு உதைத்தது.

"சார், அவங்க பதிவு ஆபீஸ்லதானே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க? கிரீடம் வெச்சுக்கவே இல்லையே."

"இல்லதான்."

"வெச்சுக்கத்தான் எடுத்தாருன்னா வெச்சுக்கிட்டிருக்கணும். அவரு வெச்சுக்கல. வேற யாரும் வெச்சுக்கல. முப்பத்தேழு வருஷமா அந்தக் கிழவி இரவல்கூடக் குடுக்கல. அப்ப எடுத்தது வெச்சுக்கறதுக்கு இல்ல சார். அவங்க வெச்சுக்கக் கூடாதுன்னு."

கப்பித்தோன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்க லாபத்தைத் தேடறீங்க," என்றாள் ஹெல்வே. "இதுல யாருக்கும் லாபம் இல்ல. எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். இது வேற கணக்கு."

"உனக்கு எப்படி இவ்வளவு சட்டுனு தோணுச்சு?"

ஹெல்வே கேன்டீன் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து. வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் நாலு மணிக்கு ஒரு மனிதனின் பெயர் போகும்.

"காலைல கிளாஃபிரா பேசினா சார். இன்னைக்கு நாலு மணிக்குக் கல்லு முடிஞ்சிருமாம். நான் சொல்லல. எழுதி இழுப்பறையில போட்டுப் பூட்டிட்டேன்."

"ஏன்?"

"உங்க டைதான் காரணம்," என்றாள். முகம் சிவந்தது. "மத்ததை டாக்ஸில கேளுங்க."

டாக்ஸியில் அவர் கேட்கவில்லை. டையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார். அதுவே ஹெல்வேக்குத் திட்டு வாங்கின மாதிரி இருந்தது.

*

கல்பட்டறையில் வெண்தூசி கணுக்கால் வரை கிடந்தது. கருங்கல்லில் பதினெட்டுப் பெயர்கள் வெட்டி முடிந்திருந்தன. பத்தொன்பதாவது வரியில் சுண்ணக்கட்டியால் எழுதிய பெயர்: எவ்ஸ்தோலியா. கல்தச்சர் உளியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். எவ்ஸ்தோலியா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கிளாஃபிரா வாசலில் நின்று அழுது ஓய்ந்திருந்தாள்.

"காலைலேர்ந்து காத்துட்டிருக்கேன் அக்கா," என்றாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஹெல்வேக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கப்பித்தோன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எவ்ஸ்தோலியா அம்மா, ஒரு எலிப்பொறியைப் பத்திப் பேசணும்," என்று ஆரம்பித்தார். ஹெல்வே அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் பேசறேன் சார்." கிழவிக்கு எதிரே தூசியிலேயே உட்கார்ந்தாள். "அம்மா, இந்தப் பொண்ணு காலைல ஃபோன் பண்ணி ஒரு சேதி சொல்லுச்சு. நான் அதை மறைச்சு வெச்சேன். கெட்ட எண்ணம் இல்ல, வயித்தெரிச்சல். இவரு இவளைப் பாத்துச் சிரிக்கிறாரு, என்னைப் பாத்து வேலை சொல்றாரு. கொஞ்சம் தள்ளிப் போகட்டும், அப்படி என்ன குடி முழுகிடும்னு நினைச்சேன். குடி முழுகப் பாத்துச்சு."

எவ்ஸ்தோலியா மடியில் விழுந்த வெண்தூசியைத் தட்டினாள்.

"கிரீடத்தை நீங்க இடிபாட்டுல எடுக்கல. அதுக்கு முன்னாடியே எடுத்தீங்க. நீங்க எவ்வளவு நாள் தள்ளிப் போகும்னு நினைச்சீங்க?"

கல்தச்சர் சாணையை நிறுத்தினார். சக்கரம் சுற்றி ஓயும் வரை கிழவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசம்," என்றாள்.

கிளாஃபிரா வாசலை விட்டு ஓரடி உள்ளே வந்தாள்.

"லித்தியா தலைக்கு மேல கிரீடம் பிடிக்க என்னைத்தான் கூப்பிட்டாங்க," என்றாள் எவ்ஸ்தோலியா. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "நான் ஆசைப்பட்டவன் பக்கத்துல அவ நிப்பா, நான் பின்னாடி நின்னு கை வலிக்க அவளுக்குக் கிரீடம் பிடிக்கணும். முதல்ல கிரீடத்தைத்தான் எடுத்தேன். கிரீடம் இல்லாம என்ன கல்யாணம்? ஃபாதர் சிரிச்சுட்டு, டவுன் சர்ச்சுல இரவல் வாங்கிக்கலாம்னுட்டாரு. அதுக்கப்புறம்தான் ஆபீஸுக்குப் போனேன். நம்ம சர்ச்சுலதான் கல்யாணம்னு நிக்கானோர் பிடிவாதமா இருந்தான்; பூட்டுவாங்க, அவ்வளவுதான்னு நினைச்சேன். ஜூலை போயிரும். ஆகஸ்டுல மாதா நோன்பு வந்துரும், நோன்புல கல்யாணம் கிடையாது. செப்டம்பர்ல நிக்கானோர் மூர்மன்ஸ்க்குக்கு ஒரு வருஷ வேலைக்குப் போறதா இருந்தது. போயிட்டா மனசு மாறும். நான் மறுபடியும் கையெழுத்துப் போட்டுச் சர்ச்சைத் திறந்துக்கலாம். நோன்பு நாளெல்லாம் விரல் விட்டு எண்ணி வெச்சிருந்தேன். டிராக்டரை எண்ணல."

"எங்கப்பாவைச் சொன்னாங்களே அத்தை," என்றாள் கிளாஃபிரா. "முப்பத்தேழு வருஷம். நீங்க கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க."

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்." கிழவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலில் என்னவோ ஒரு பெருமை வந்திருந்தது. "நான் ஆபீஸ்லேர்ந்து வெளிய வர்றப்ப அவன் எதிர்ல நின்னான். என்னைப் பாத்தான். அவனுக்குத் தெரியும். ஊரே காறித் துப்பினப்பகூட என் பேரை அவன் சொல்லல. யாருக்காகச் சொல்லல? அவ வீட்டுல அவளுக்குச் சம்பாதிச்சுப் போட்டான், அவளுக்குப் பிள்ளை குடுத்தான். ஆனா அந்த மௌனம் எனக்குக் குடுத்தது. அது என்னோடது. அதை வெச்சுத்தான் நான் இருந்தேன்."

கிளாஃபிரா மெல்ல வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் தயங்கியதை ஹெல்வே பார்த்தாள்.

"அப்பா சொல்லத்தான் கிளம்பினாரு அத்தை. அம்மாதான் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்களாம். சத்தியம் வாங்கிட்டாங்களாம். அம்மா சாகறப்ப என்கிட்ட சொன்னாங்க, ஆளு பேரைச் சொல்லல. 'நமக்கு நாம இருக்கோம். பாவம், அந்த ஜீவனுக்கு என்ன இருக்கு, ஊர்ல கொஞ்சம் மரியாதை இருக்கு, அதையும் பிடுங்க வேணாம்'னு சொன்னேன்னாங்க."

எவ்ஸ்தோலியா அவள் பக்கம் திரும்பினாள்.

"லித்தியாவா?"

"அம்மாதான்."

"அவ என்னைப் பாத்துப் பாவப்பட்டாளா?"

கிழவி தலைத்துண்டின் முனையைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"அதுக்கு அவ என்னை நடுத்தெருவுல வெச்சு அறைஞ்சிருக்கலாம்," என்றாள்.

எழுந்து கல்லுக்குப் பக்கத்தில் போனாள். பத்தொன்பதாவது வரியில் இருந்த தன் பெயரை உள்ளங்கையால் துடைத்தாள். ஒரு தடவையில் போகவில்லை, மூன்று தடவை துடைத்தாள்.

"இந்த எடத்துல அவன் பேரை வெட்டுப்பா."

"நிக்கானோர்னு மட்டும் போட்டாப் போதுமா?" என்று கேட்டார் கல்தச்சர். "அப்பா பேரு, குடும்பப் பேரு?"

"எங்க பேட்டைல ஒரே ஒரு நிக்கானோர்தான் இருந்தான்," என்றாள் எவ்ஸ்தோலியா. பிறகு இடுப்பிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்தாள். கிளாஃபிராவின் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

*

திரும்பும் டிராமில் ஹெல்வே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கப்பித்தோன் பக்கத்தில் நின்றார். மூன்று நிறுத்தம் தாண்டின.

"நாளைக்கு நான் வரணுமா சார்?" என்று கேட்டாள்.

"இழுப்பறைச் சாவியை எடுத்துட்டு வா. உள்ள வேற என்னென்ன பூட்டி வெச்சிருக்கேன்னு பாக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். அது மன்னிப்பா, மிரட்டலா என்று அவளுக்குப் புரியவில்லை.

பட்டறை வாசலில் கிளாஃபிரா அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு செய்தி சொல்லியிருந்தாள். நாலாவது நிறுத்தம் வந்தது. ஹெல்வே வெளியே பார்த்தாள். ஐந்தாவதும் வந்தது. அடுத்த நிறுத்தத்தில் கப்பித்தோன் இறங்கிவிடுவார், ஞாயிற்றுக்கிழமை பிறகு தானாகப் போய்விடும். வயிறு காலையில் எரிந்ததைவிடக் குறைவாக எரிந்தது என்று சொல்ல முடியாது.

"சார், ஒரு சேதி," என்றாள். "கிளாஃபிரா சொல்லச் சொன்னா. ஞாயிற்றுக்கிழமை அடிக்கல் வெச்சு முடிஞ்சதும் அவ வீட்டுக்கு நீங்க சாப்பிட வரணுமாம். மீனை உள்ள வெச்சு ரொட்டி சுடறாளாம். அந்த நீல டை உங்களுக்கு ரொம்பப் பொருத்தமா இருக்காம், அதையே கட்டிட்டு வரணுமாம்."

"உன்னையும் வரச் சொன்னாளா?"

"இல்ல," என்றாள் ஹெல்வே. "'மறக்காமச் சொல்லிடுங்க அக்கா'ன்னு சொன்னா."